மதியத்துக்கு முன்னால் கரைக்கு

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணன் மகள் பாப்பாவும் இங்கே இருக்கிறோம். நீ எங்கே இருக்கிறாய் என்று போன வாரம்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாக உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்து, இன்றைக்குத்தான் பேனா ஓடுகிறது.

உன் விலாசத்தைக் கொடுத்தவர் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு வாய் ஓயாது என்று உனக்குத் தெரியும். ஐஸ் கட்டியை இறக்கிக்கொண்டே, "உங்க கொழுந்தனைப் பார்த்தேம்மா. பெரிய குளிர் கிடங்குல வேலை. வெளியில நெருப்பா கொட்டுது, அவரு உள்ள கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு நிக்குறாரு. கொடுத்து வச்ச மனுசன்" என்றார். என்ன பேசினான் என்று கேட்டேன். "எங்க பேசினாரு. நான் பேசினேன், அவரு பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தாரு" என்றார். கிளம்பும்போது அவராகவே ஒரு துண்டுச் சீட்டில் கிடங்கின் பெயரையும் தெருவையும் எழுதி என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்.

உனக்குக் குளிர் ஆகாதே. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. மழை பிடித்தால் உன் நெஞ்சு பூனைக்குட்டி மாதிரி கத்தும். அப்படிப்பட்டவன் நாள் முழுக்க ஐஸுக்கு நடுவில் எப்படி நிற்கிறாய். வேலை முடிந்ததும் நேராக வெயிலுக்கு வராதே. வாசலில் கொஞ்ச நேரம் நின்று, உடம்பு பழகின பிறகு வெளியே வா. சாப்பாடு யார் செய்கிறார்கள். நீயே செய்கிறாய் என்றால் நீ சாப்பிடுவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. காலை எட்டு மணிக்கே தகரக் கூரை சடசடவென்று பேச ஆரம்பித்துவிடுகிறது. ஏரி ரொம்ப இறங்கிவிட்டது. நீயும் அண்ணனும் படகு கட்டின கல் இப்போது வெறுந்தரையில் நிற்கிறது. அதிலிருந்து தண்ணீருக்கு நூற்றிருபது காலடி. பாப்பா நடந்து பார்த்துச் சொன்னாள். மூழ்கிக் கிடந்த மரங்களின் அடிக்கட்டைகள் எல்லாம் வெளியே தெரிகின்றன. ஏரிக்குப் பல் முளைத்த மாதிரி இருக்கிறது.

பாப்பா உன் அண்ணன் உயரத்துக்கு வந்துவிடுவாள் போல. பதினோரு வயதுக்கு அவளுடைய கால் நீளத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. படிப்பில் குறை இல்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் இவளை எப்போது நிறுத்துவது என்று இருக்கும். இப்போது கேட்டதற்குப் பதில், அதோடு சரி.

உங்கள் படகை மரத்தடியில் கவிழ்த்துப் போட்டது போட்டபடி கிடந்தது. போன மாதம் ஏரிக் காவலர் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, படகைக் கருவாடு மாதிரி காயப் போட்டிருக்கீங்க. பலகை சுருங்கி இடுக்குல விரல் போகுது. இன்னும் ஒரு மாசம் விட்டா அடுப்புக்குத்தான் ஆகும்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எட்டுக் குடம் தண்ணீர் தூக்கி ஊற்றுகிறேன். மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கிறேன். ஏன் செய்கிறேன் என்று கேட்காதே. யாராவது அதில் ஏற வேண்டும் என்றுதான் ஊற்றுகிறேன்.

சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், தம்பி. உன் அண்ணன் போய்ப் பத்து மாதம். நீ போய் ஒன்பதரை மாதம். இரண்டு பேருமே சொல்லாமல் போனீர்கள். அவரால் திரும்ப முடியாது. நீ ஏன் திரும்பக் கூடாது.

அன்றைக்கு மத்தியானம் நீ படகைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவர் படகுக்குள்ளேயே போய்விட்டிருந்தார். அவரைக் கீழே இறக்கியபோது நான் உன்னைப் பார்த்துக் கேட்டதைக் கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அதைத் திரும்ப இந்தத் தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. வயிறு எரிகிறவள் வாயில் நல்ல வார்த்தையா வரும். நீ அதை அப்படியே சுமந்துகொண்டு போய்விட்டாய். போதும். இறக்கி வைத்துவிட்டு வா.

இரண்டு வரியாவது பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதுவாய் என்று மூன்று வாரம் பார்த்தேன். ஐஸ் வண்டிக்காரரிடம் கேட்டால் கடிதம் உன் கைக்கு வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாயாம். அது போதும். சட்டைக்குள் வைத்தவன் கிழித்துப் போட மாட்டான்.

ஒரு சேதி. கோபப்படாமல் படி. நான் ஏரிக்குள் இறங்கிவிட்டேன். உங்கள் படகில்தான்.

வேறு வழி தெரியவில்லை. வெயில் காலம் வந்ததும் ஆண்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். மீன் வரத்து இல்லை. கூடையை வைத்துக்கொண்டு சந்தையில் காற்றையா விற்பேன். படகு நன்றாக ஊறிவிட்டது, இடுக்கெல்லாம் மூடிக்கொண்டது. வலை பின்னுகிற அக்கா ஒருநாள் வந்து, "நான் வலை பின்னுறேன், நீ படகுக்குத் தண்ணி ஊத்துறே. ரெண்டு பேரும் சேந்து யாருக்குடி சேவகம் பண்றோம்" என்றாள். அவளுக்கு ஐம்பது வயது ஆகிறது, என்னைவிட நன்றாகத் துடுப்பு வலிக்கிறாள். இருவருமாகப் போகிறோம்.

முதல் தடவை போன கதையைச் சிரிக்காமல் கேள். சாயங்காலம் வலையை இறக்கும்போது அது என் காலைச் சுற்றிக்கொண்டது. "மீனுக்குப் போடுறியா, உனக்கே போட்டுக்கிறியா" என்று அக்கா கேட்டாள். மறுநாள் விடியலில் போய் எடுத்தால் இரண்டு சின்னக் கெண்டையும் ஒரு செருப்பும் இருந்தன. அக்கா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல செருப்பாத்தான் இருக்கு. ஜோடி கெடைக்கிற வரைக்கும் இங்கேயே போடலாமா" என்றாள். பத்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெயில் காலத்தில் மீன் மேலே நிற்பதில்லை என்று உங்கள் இருவர் பேச்சில் எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது. ஆழத்துக்குப் போய்விடும் என்பீர்கள். ஆழம் எங்கே என்று நான் கேட்டதில்லை. கரையில் நின்று கூடையை நீட்டுகிறவளுக்கு அது எதற்கு. உன் அண்ணன் தண்ணீர்ப் புட்டியில் எப்போதும் ஒரு நீளக் கயிறு கட்டியிருக்கும். சனியன் பிடித்த கயிறு, கழுவும்போதெல்லாம் சிக்கும். வெட்டி எறிய எத்தனை தடவை கத்தியை எடுத்திருக்கிறேன். இப்போதுதான் அதன் காரியம் புரிந்தது. புட்டியைக் கயிற்றில் இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு மேலே இழுத்தால், சில இடத்தில் வெந்நீராகவே வருகிறது, சில இடத்தில் சில்லென்று வருகிறது. சில்லென்று வருகிற இடத்தில் வலையை இறக்கினோம். மறுநாள் விடியலில் கூடை நிறைந்தது.

ஆனால் இந்த வெயிலில் மீன் பிடிப்பதைவிட மீனைக் காப்பாற்றுவது பெரிய பாடாக இருக்கிறது. ஒருநாள் அரை மணி நேரம் பிந்திப் போனோம். வலையில் இருந்ததில் பாதி வயிறு குழைந்துவிட்டது. போட்ட வலையை வெயில் ஏறுமுன் எடுக்காவிட்டால் மீன் தண்ணீரிலேயே வெந்துவிடும் என்று உன் அண்ணன் சொல்வது எவ்வளவு உண்மை. எடுத்தவுடன் பெட்டியில் ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ், மேலே ஈரச் சாக்கு. மீனுக்கு இவ்வளவு பார்க்கிறோம்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

உங்கள் வழக்கத்தைத்தான் நாங்களும் வைத்துக்கொண்டோம். திரும்பி வரும்போது ஒருவர் துடுப்பு வலிப்பது, ஒருவர் தூங்குவது, நாள் விட்டு நாள் முறை மாற்றிக்கொள்வது, கரை வரும் வரை தூங்குகிறவரை எழுப்பாமல் இருப்பது. வியாழக்கிழமை நான் வலிக்கிற முறை. நடுப்பலகையில் உட்கார்ந்தேன். அக்கா படகின் மூக்குப் பக்கம் படுத்து, முகத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டாள். ஒன்பது மணி வெயிலுக்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி கண்ணைக் குத்தியது. காற்று பேருக்குக்கூட இல்லை.

தம்பி, பதினாறு வருஷம் நான் இந்தப் படகைக் கரையில்தான் பார்த்திருக்கிறேன். வலிக்கிறவன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்வான் என்று எனக்குத் தெரியாது. உனக்கு எதிரே அவர் படுத்திருந்தார், நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஒரு மணி நேரம் வந்தாய் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டே எப்படித் தெரியாமல் போகும் என்றுதான் எனக்கு ஆறவே இல்லை. உட்கார்ந்து பார்த்தால், வலிக்கிறவனுக்கு எதிரே மீன் பெட்டி இருக்கிறது. படுக்கிறவன் முதுகுக்குப் பின்னால்.

பாதி வழியில் அக்காவிடம் எதையோ கேட்டேன். பதில் இல்லை. கழுத்தைத் திருப்பினேன், படகும் கூடவே திரும்பியது. சாக்குதான் தெரிந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை. துடுப்பைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து போய்ச் சாக்கை இழுத்தேன். அவள் திடுக்கிட்டு எழுந்து, "ஏன்டி, கொஞ்சம் தூங்க விட மாட்டியா. நானும் உன் புருசன் மாதிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். திரும்பி வந்து துடுப்பை எடுத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அந்தப் பையனுக்கும் இப்படித்தானேடி இருந்திருக்கும்" என்றாள்.

அன்றைக்கு நான் கேட்டதை இப்போது எழுதுகிறேன். நீ விசில் அடித்துக்கொண்டு வந்தாய். தண்ணீர் மேல் அது எனக்குக் கரைவரை கேட்டது, இதோ வந்துவிட்டார்கள் என்று கூடையை எடுத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவரைப் பார்த்தேன். "செத்த மனுசனை வச்சுக்கிட்டு விசிலாடா அடிச்சே" என்று கேட்டேன்.

நீ உனக்குத் தூக்கம் வராமல் இருக்க அடித்திருப்பாய். நானும் வியாழக்கிழமை என்னையறியாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன்னை முழு மனதோடு மன்னித்துவிட்டேன். இனி அதை நினைக்காதே.

பாப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்; நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

அண்ணி


புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அட்டை வந்தது. தபால்காரர் கையில் கொடுத்தபோது மீன் கையோடு வாங்கிவிட்டேன், ஓரத்தில் கறை பட்டுவிட்டது. நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. "அண்ணி, மதியத்துக்கு முன்னாடி கரைக்கு வந்துடுங்க. தலையில போடுற துண்டு காயக் காய நனைச்சுக்கோங்க. நீங்க மன்னிச்சது உங்க பெரிய மனசு. ஆனா அண்ணன் தன்னோட முறையை யாருக்கும் மாத்தித் தர மாட்டார். அன்னைக்கு நான் தூங்குற முறை. இன்னைக்கு நீ வலிடான்னு அவர் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். கேக்காம விட்டது நான்தான்."

பெரிய மனசு என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வார்த்தை என்னை உட்கார விடவில்லை, நிற்க விடவில்லை. போன கடிதத்தில் உன்னை மன்னித்தேன் என்று எழுதினேன் அல்லவா. அதை எழுதும்போதே என் கை கூசியது. உன்னை மன்னிக்க எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. மன்னிக்கிறேன் என்று சொல்லி இன்னும் ஒரு தடவை தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

உன் அண்ணனுக்கு அதற்கு முந்தின ராத்திரியே காய்ச்சல்.

கை வைத்தால் சுட்டது. விடியும்போது கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், குறையவில்லை. இன்றைக்குப் போக வேண்டாம் என்றேன். "போட்ட வலை கெடக்குது. இந்த வெயில்ல இன்னைக்கு எடுக்கலேன்னா எல்லாம் வெந்து நாறிடும். அவனைத் தனியா அனுப்பினா கட்டைக்கு நடுவுல மாட்டிக்குவான்" என்றார். பிறகு, "சின்னவன்கிட்ட வாயைத் திறக்காதே. தெரிஞ்சா என்னைப் படகுல ஏத்த மாட்டான்" என்றார். ஒரு மாத்திரை கொடுத்தேன். காலையில் போய் ஒன்பது மணிக்குள் வந்துவிடுகிறவர்தானே என்று நினைத்தேன். அடிக்கட்டையில் வலை சிக்கி, அதை விடுவிக்க உச்சி வெயில் ஆகிவிடும் என்று யார் கண்டது.

நீ வாசலுக்கு வந்தாய். நினைவிருக்கிறதா உனக்கு. அண்ணன் தாமதமாக எழுந்ததைப் பார்த்து, "என்ன அண்ணி, ஆளைக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று என்னிடம் கேட்டாய். நான் உன் கண்ணைப் பார்த்து, "நல்லாத் தூங்கிட்டார், வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

நீ கேட்காமல் விட்டாய் என்று எழுதியிருக்கிறாயே. நீ கேட்டாய், தம்பி. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாய். பொய் சொன்னது நான். என் வாயிலிருந்து உண்மை வந்திருந்தால், முறை மாற்றித் தரச் சொன்னபோது நீ அவரைச் சும்மா விட்டிருப்பாயா. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்திருப்பாய்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவருக்கு வெயில் தாக்கியிருக்கு. முன்னாடியே காய்ச்சல் இருந்துச்சா" என்று கேட்டார். நீ பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு முன்னால் கரையில் உன்னை அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டேனே, இனி எப்படி ஆமாம் என்று சொல்வது. இதுதான் அன்றைக்கு என் மனதில் ஓடியது. என் புருஷன் உள்ளே கிடக்கிறார், நான் என் மானத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ ஊரை விட்டுப் போன அன்றைக்கு அழுதேன். அழுகைக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், அது மட்டும் எதற்கு உள்ளே இருக்க வேண்டும்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கடிதத்தில் ரகசியமாக உன்னிடம் ஒப்புக்கொண்டு, வெளியில் நல்லவளாக இருப்பது சரியில்லை. நேற்றுக் காலை படகுகள் எல்லாம் திரும்பி, ஐஸ் வண்டியும் வந்து நின்றபோது, எங்கே நின்று உன்னைக் கேட்டேனோ அங்கேயே நின்று சொன்னேன். அவருக்குக் காய்ச்சல் இருந்தது, எனக்குத் தெரியும், அவன் கேட்டான், நான் மறைத்தேன் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஏரிக் காவலர் குனிந்து ஒரு கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார், அது ஏற்கெனவே சுற்றின கயிறு. ஐஸ் வண்டிக்காரர் இறக்கின கட்டியை மறுபடி வண்டியிலேயே ஏற்றினார். அக்காதான் பக்கத்தில் வந்து, "இத்தனை நாளா எங்கடி வச்சிருந்தே இதை" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் யார் வாயாலாவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, அவள் சாப்பிட்டு முடித்ததும் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், இல்லை என்னோடு பேசாமல் போவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்மா. நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல்னு நீங்க பேசினது கேட்டுச்சு. சித்தப்பா வாசல்ல கேட்டப்ப நான் ஜன்னல்கிட்ட நின்னேன். நீ சொல்லலையேன்னு நானும் சொல்லல" என்றாள்.

தம்பி, அதற்குப் பிறகு எனக்கு எழுதத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டு இப்போதுதான் வந்து உட்கார்கிறேன்.

பத்து மாதமாக அவள் பேசாமல் இருந்தது அப்பா போன துக்கம் என்று இருந்துவிட்டேன். ஒரே அறையில் படுத்துக்கொண்டு, அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை. "நான் ஜன்னல்ல இருந்து கத்தியிருந்தா சித்தப்பா அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டார்ல" என்று கேட்கிறாள். நீ குழந்தைடி, பெரியவள் நான்தான் மறைத்தேன், எல்லாம் என் தப்பு என்று அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையாட்டுகிறாள். அம்மா வேறு என்ன சொல்வாள் என்பது போலத் தலையாட்டுகிறாள். "சித்தப்பாவுக்கு என் மேல கோவம், அதான் வரல" என்றாள். நீ எதற்காகப் போனாய் என்பதற்கு அவள் தனக்குள் இந்தக் காரணத்தை வைத்திருந்திருக்கிறாள்.

போன இரண்டு கடிதத்திலும் உன்னை வரச் சொன்னது எனக்காக. நீ வந்தால் என் நெஞ்சில் இருப்பது இறங்கும் என்று. இப்போது அதற்காகக் கூப்பிடவில்லை. என்னை நீ மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. வந்த பிறகு என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பிடிக்காவிட்டால் அக்கா வீட்டில் தங்கிக்கொள், அவளிடம் சொல்லிவிட்டேன். கிடங்கில் விடுப்பு எத்தனை நாள் கொடுப்பார்களோ அத்தனை நாள் போதும். இரண்டு நாள் என்றாலும் சரி. ஐஸ் வண்டி சனிக்கிழமை அங்கிருந்து கிளம்பும். முன்னால் ஓர் இடம் காலியாக வைப்பதாக அவர் சொன்னார்.

நான் சொன்னால் நம்பாதவள் உன் வாயால் கேட்டால் நம்புவாள். அவள்மேல் உனக்குக் கோபம் இல்லை என்று நீ அவளிடம் சொல்ல வேண்டும். அவள் ஜன்னலில் நின்றதற்கும் அப்பா போனதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் உன்னைத் திரும்பக் கேட்பாள், அப்படியென்றால் நீ ஏன் போனாய் என்று. அதற்கு என்ன சொல்வாய் என்று யோசித்துக்கொண்டு வா. என்னைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடு, குறைத்துச் சொல்லாதே.

எங்கே இருந்தாலும் உன் உடம்பு நோகாமல், மனது நோகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும் வாய் எது என்று பார்க்காதே.

வந்ததும் முதலில் அவளிடம் போ. என்னைத் திட்ட வேண்டியது இருந்தால் அப்புறம் திட்டிக்கொள்ளலாம், நான் இங்கேதான் இருப்பேன்.

அண்ணி